ராகம் தெரியாத மருமகளுக்கு

"புக்ககத்தில் எல்லோரும் பாட்டைக் கேட்டதுமே ராகம் சொல்லுகிறார்கள், நான் மட்டும் விழிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார் ஒரு சகோதரி.

அம்மணி, முதலில் தீக்ஷிதரின் 'வாதாபி கணபதிம்' கேளுங்கள். ராகம் ஹம்ஸத்வனி, மத்தியமமும் தைவதமும் கிடையாது, ஐந்தே ஸ்வரம். மறுநாள் அதே ராகத்தில் தியாகையரின் 'ரகுநாயகா'. பாட்டு வேறு, ஜாடை ஒன்று. அண்ணன் தங்கை மாதிரி. அந்த ஜாடைதான் ராகம். பருப்பு வேகும்போது கேட்டாலும் போதும்.

பிறகு மதுரை மணி ஐயர் பாடிய 'எப்போ வருவாரோ'. கோபாலகிருஷ்ண பாரதியின் தமிழ், ஜோன்புரி ராகம். தோடி ஆலாபனைக்கு அவசரமில்லை. (எனக்கே வெகுநாள் பிடித்தது!)

அடுத்த கச்சேரியில் அந்தப் பழைய ஜாடை காதில் விழுந்தால், மாமனாரிடம் மெதுவாக, "வாதாபி மாதிரி இருக்கிறதே, அப்பா?" என்று கேட்டுப் பாருங்கள்.