சாவியை ஆட்டி ஆட்டி காரை ஸ்டார்ட் செய்பவரா நீங்கள்? அது பழக்கம் அல்ல, எச்சரிக்கை!

காலை ஷிஃப்ட் நேரத்தில் கும்மிடிப்பூண்டி பக்கம் போனவர்களுக்கு அந்த சாலை தெரியும். தேசிய நெடுஞ்சாலை 16, பழைய பெயரில் ஜி.என்.டி. ரோடு. ஒரு பக்கம் சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள், இன்னொரு பக்கம் இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர்கள், நடுவில் ஆந்திரா எல்லையை நோக்கிப் பறக்கும் கார்கள்.

அந்த சாலையில்தான், கவரைப்பேட்டை தாண்டியதும், நண்பனின் கார் திடீரென உயிரை விட்டது. வேகம் எழுபதுக்கு மேல் இருக்கும். பள்ளம் ஒன்றில் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். டேஷ்போர்டு இருண்டது, பாட்டு நின்றது, ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகியது. பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. எப்படியோ இடது ஓரத்துக்கு வந்து சேர்ந்தோம். யாருக்கும் அடி இல்லை. அரை மணி நேரத்துக்கு யாருக்கும் பேச்சும் இல்லை.

மெக்கானிக் அண்ணன் வந்து சாவியைத் தொட்டுப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நாளா இப்படி ஆட்டி ஆட்டி ஸ்டார்ட் பண்றீங்க தம்பி?"

"ஒரு மூணு மாசமா இருக்கும்ணா. லேசா அட்ஜஸ்ட் பண்ணா எடுத்துக்கும்."

பிரச்சினை அந்த 'அட்ஜஸ்ட்'டில்தான் இருக்கிறது. இக்னிஷன் ஸ்விட்ச் கோளாறை நாம் 'சின்ன தொல்லை' என்ற கணக்கில் வைத்திருக்கிறோம். ஆனால் அது பிரேக் கோளாறு, டயர் வெடிப்பு வரிசையில் வைக்க வேண்டிய ஆபத்து. இப்படித் தப்புக்கணக்கு போட்டவர்கள் நாம் மட்டும் இல்லை. உலகின் மிகப் பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றும் இதே தவறைச் செய்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் செய்த தவறு

2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், செவர்லே கோபால்ட் உள்ளிட்ட கார்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது. இரண்டே மாதத்தில் அந்த எண்ணிக்கை சுமார் 26 லட்சம் ஆனது. காரணம், இக்னிஷன் ஸ்விட்ச்.

ஸ்விட்சுக்குள் சாவியை 'ஆன்' நிலையில் பிடித்து வைக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங் அமைப்பு உண்டு. அந்தப் பிடிப்பு தேவையான அளவுக்கு இல்லை. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, முழங்கால் இடித்தாலோ, பள்ளத்தில் கார் குலுங்கினாலோ சாவி தானாக ஒரு படி பின்னால் திரும்பிவிடும். இன்ஜின் நிற்கும். அதோடு பவர் ஸ்டீயரிங் போகும், பிரேக்குக்கான உதவி போகும். ஏர்பேக்கும் வேலை செய்யாது. அதாவது, விபத்தை உண்டாக்கிவிட்டு, அந்த விபத்தில் காப்பாற்ற வேண்டிய பொருளையும் அணைத்துவிடும்.

இந்தக் குறை நிறுவனத்துக்குள் பல ஆண்டுகளாகத் தெரிந்தே இருந்தது. ஆனால் ஓடும் காரில் இன்ஜின் நிற்பதை அங்கிருந்தவர்கள் 'வாடிக்கையாளர் வசதி' சம்பந்தப்பட்ட விஷயமாக வகைப்படுத்தினார்கள், 'பாதுகாப்பு' விஷயமாக அல்ல. அதனால் ஃபைல் மெதுவாக நகர்ந்தது. பின்னால் ஸ்விட்சின் வடிவமைப்பை மாற்றியபோதும் பார்ட் நம்பரை மாற்றவில்லை. எனவே பழையது எது, புதியது எது என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை.

நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015ல் அமெரிக்க நீதித் துறையுடனான வழக்கை முடிக்க 90 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. இத்தனைக்கும் அந்தப் பாகத்தைச் சரிசெய்ய ஒரு டாலர்கூட ஆகியிருக்காது என்பது அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் பேசப்பட்டது.

ஸ்விட்ச் மாற்றும் வரை கார் உரிமையாளர்களுக்கு நிறுவனம் சொன்ன தற்காலிகத் தீர்வு என்ன தெரியுமா? சாவிக்கொத்தில் கார் சாவியைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள் என்பதுதான்.

இப்போது உங்கள் சாவிக்கொத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வீட்டுச் சாவி, பைக் சாவி, கம்பெனி லாக்கர் சாவி, ஒரு பென் டிரைவ், திருப்பதி போனபோது வாங்கிய கீ செயின்... எல்லாம் ஒரே வளையத்தில்தானே?

சாவிக்குப் பின்னால் இருப்பது இரண்டு பாகங்கள்

நாம் 'இக்னிஷன்' என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனிப் பாகங்கள் இருக்கின்றன. முதலாவது, சாவி நுழையும் பூட்டு. இது முழுக்க மெக்கானிக்கல். இரண்டாவது, அதற்குப் பின்னால் இருக்கும் மின்சார ஸ்விட்ச். லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட் என்ற நான்கு நிலைகளுக்கு ஏற்ப எந்த ஒயருக்குக் கரன்ட் போக வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. உள்ளே சின்னச் சின்ன உலோகத் தொடுபுள்ளிகள் இருக்கும். தினமும் தேய்ந்து, சூடாகி, கருகி, ஒரு நாள் தொடர்பு விட்டு விட்டு வர ஆரம்பிக்கும்.

தொழிற்பேட்டைப் பகுதியில் இந்தத் தேய்மானத்துக்குக் காரணங்களைத் தேட வேண்டியதில்லை. பகல் முழுக்க வெயிலில் பார்க்கிங், லாரிகள் கிளப்பும் தூசி, அது போதாதென்று பழவேற்காடு, எண்ணூர் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று.

ஸ்விட்சா, பேட்டரியா? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் நாம் முதலில் பழி போடுவது பேட்டரி மேல்தான். பல நேரம் அது சரி. ஆனால் புது பேட்டரி போட்ட பிறகும் அதே கதை என்றால் பணம் வீண். முதலில் இவற்றைப் பாருங்கள்:

1. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று வேகமாகச் சத்தம் வருகிறதா? பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினலில் பூத்த பச்சை, வெள்ளைப் படிவம். ஸ்விட்ச் மேல் பழி வேண்டாம்.

2. ஹெட்லைட்டும் ஹாரனும் நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் சாவியை 'ஆன்' செய்தாலும் டேஷ்போர்டு இருட்டாகவே இருக்கிறதா? மெயின் ஃபியூஸைப் பார்த்துவிட்டு, அடுத்து ஸ்விட்சைச் சந்தேகிக்கலாம்.

3. டேஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, 'ஸ்டார்ட்'டுக்குத் திருப்பினால் அமைதியா? ஸ்டார்ட்டர் ரிலே, ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் ஸ்விட்ச், இக்னிஷன் ஸ்விட்ச், நாலில் எதுவாகவும் இருக்கலாம். சோதிக்காமல் எதையும் மாற்ற விடாதீர்கள்.

4. இன்ஜின் ஸ்டார்ட் ஆகி, சாவியிலிருந்து கையை எடுத்ததும் நின்றுவிடுகிறதா? இது ஸ்விட்ச் கோளாறின் முக்கியமான அடையாளம். 'ஸ்டார்ட்' நிலையில் தொடர்பு இருக்கிறது, 'ஆன்' நிலையில் இல்லை. ஆனால் டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு படம் போட்ட விளக்கு மினுங்கினால் அது இம்மொபிலைசர் பிரச்சினை. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

5. சாவியே திரும்பவில்லையா? முதலில் ஸ்டீயரிங்கை லேசாக இரு பக்கமும் அசைத்துக்கொண்டே திருப்புங்கள். ஸ்டீயரிங் லாக் விழுந்திருக்கலாம். ஸ்பேர் சாவி சுலபமாகத் திரும்பினால் தேய்ந்தது சாவிதான், பூட்டு இல்லை.

6. கடைசியாக, ஆட்டிப் பார்க்கும் சோதனை. சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜினை ஓட விடுங்கள். சாவியை லேசாக மேலும் கீழும் அசையுங்கள். டேஷ்போர்டு மினுங்கினாலோ, இன்ஜின் தடுமாறினாலோ அந்தக் காரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். நேராக ஒர்க்‌ஷாப்தான்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வழி: நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்டும். ஸ்விட்சுக்குள் போகும் ஒயரிலும் வெளியே வரும் ஒயரிலும் வோல்ட்டேஜை அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் உள்ளே தொடுபுள்ளி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே கருகிய வாசனை, அல்லது சாவியை விட்ட பிறகும் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருப்பது. இரண்டுமே தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம். காரை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

சாவி இறுக்கமாக இருந்தால் கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றுவது நம் ஊர் வழக்கம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும், கொஞ்ச நாளில் இன்னும் மோசமாகும். பூட்டுக்கு கிராஃபைட் பவுடர் போதும்.

யூடியூப் பார்த்து ஸ்டீயரிங் கவரை நீங்களே கழற்ற வேண்டாம். ஏர்பேக் ஒயர் அதே இடத்தில்தான் போகிறது. அனுபவமுள்ளவர்கள்கூட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்துதான் கை வைப்பார்கள்.

"லாக் செட் முழுசா மாத்தணும் சார்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். "ஸ்விட்ச் மட்டும் தனியா வருமா?" என்று கேளுங்கள். பல மாடல்களில் தனியாக வரும். அப்படி வந்தால் பூட்டும் சாவியும் பழையதே இருக்கும், புது சாவிக்கு கோடிங் செலவும் இல்லை. வெளிக்கடையில் போட்ட அலாரம், சென்ட்ரல் லாக் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்காக வெட்டி ஒட்டிய இக்னிஷன் ஒயரே பல நேரம் உண்மையான குற்றவாளி.

டேரக்டாக ஒயர் இழுத்து தனி பட்டன் வைத்துத் தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் பாதுகாப்பு போகும், திருட்டுக்கு வழி திறக்கும். நாளைக்கு இன்ஷூரன்ஸ் க்ளைம் செய்யும்போதும் சிக்கல்.

ஓடும்போது அணைந்துவிட்டால்?

பயத்தில் சாவியை வெளியே உருவிவிடாதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும். இரண்டு கையாலும் பிடியுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். சேமிப்பில் இருக்கும் உதவி ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதனால் அழுத்தமாக, ஒரே மிதியாக மிதியுங்கள். ஹஸார்ட் விளக்கு இக்னிஷன் இல்லாமலேயே எரியும், அதைப் போட்டுக்கொண்டே இடது ஓரம் போங்கள். வண்டி நின்றதும் எல்லோரும் இறங்கி சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். காருக்குள் உட்கார்ந்து போன் செய்ய வேண்டாம். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, அவசர எண் 112.

குறை உங்கள் காரில் மட்டும் இல்லை என்றால்?

தேய்மானம் வேறு, தயாரிப்புக் குறை வேறு. புது காரிலேயே இப்படி நடந்தால் அதை உங்கள் தலையெழுத்து என்று விட்டுவிடாதீர்கள். 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு இருக்கிறது. குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். அபராதம் ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை.

நிறுவனங்கள் தாமாகவே முன்வருவதும் உண்டு. நம்ம ராயல் என்ஃபீல்டு, 2021 மே மாதம் இக்னிஷன் காயில் குறைக்காக 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. காயில் வேறு, ஸ்விட்ச் வேறுதான். ஆனால் அந்த அறிவிப்பு நமக்குச் சொல்வது ஒன்றே: இக்னிஷன் கோளாறு என்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. உரிமையாளர்களின் புகார்களை வைத்து அரசு நடவடிக்கையில் இறங்க, அவை குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்ட வேண்டும். ஆனால் நாம் புகார் செய்வதே இல்லை. 'அட்ஜஸ்ட் பண்ணா எடுத்துக்கும்' என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறோம், அல்லது காரை விற்றுவிடுகிறோம். குறை அடுத்தவர் கைக்குப் போகிறது. சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராமல் ஜாப் கார்டில் 'ஓடும்போது இன்ஜின் நின்றது' என்று எழுதச் சொல்லுங்கள். 'ஸ்டார்ட்டிங் ட்ரபுள்' என்று அவர்கள் எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் 'வசதி'க்கும் 'பாதுகாப்பு'க்கும் உள்ள வித்தியாசம்.

நண்பனின் காரில் ஸ்விட்ச் மட்டும் மாற்றினோம், மதியத்துக்குள் வேலை முடிந்தது. அந்த மூன்று மாதத்தில் எந்த சனிக்கிழமையிலும் முடித்திருக்கக்கூடிய வேலை. இப்போது அவன் கார் சாவி தனியாகத் தொங்குகிறது. மற்ற சாவிகள் எல்லாம் பையில்.

உங்கள் சாவியை இன்று இரவே பிரித்துவிடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.