எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவே ஒரு பள்ளம்

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்குச் சர்க்கார் என்னென்ன கொடுக்கிறது என்று கேட்டால், மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள். சோறு, முட்டை, புத்தகம், உடுப்பு, பஸ் பாஸ், சைக்கிள். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு கிராமங்களுக்குப் பரவத் தொடங்கியது. 1982-ல் அது சத்துணவாயிற்று. 2022 செப்டம்பர் 15-ல் இதே மதுரையில் காலை உணவுத் திட்டம் துவங்கியது. இவற்றை ‘இலவசம்’ என்று சொல்லி முகம் சுளிக்கும் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். சோப்பு முதல் செருப்பு வரை வரி கொடுத்து வாங்குகிறவன் தொழிலாளி. அவன் கொடுத்த காசில் அவன் பிள்ளைக்கு ஒரு பிடி சோறு வந்தால், அதற்குப் பெயர் தர்மமா?

அது கிடக்கட்டும். நாம் எழுத வந்தது வேறு. இவ்வளவும் கொடுக்கிற வரிசையில் நடுவே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. பல பிள்ளைகள் அதில்தான் விழுகிறார்கள்.

கட்டாய இலவசக் கல்வி என்று 2009-ல் வந்த சட்டம் பதினான்கு வயது வரைதான் பேசுகிறது. அதாவது எட்டாம் வகுப்பு வரை. இலவச உடுப்பும் எட்டோடு நின்றுவிடுகிறது. அதுவரை பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கோ உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். போக ஐந்து, வர ஐந்து. சரி, சைக்கிள் எப்போது கிடைக்கிறது? பதினோராம் வகுப்பில்! ஒன்பதிலும் பத்திலும் தினம் பத்துக் கிலோமீட்டர் நடந்து, பரீட்சை எழுதித் தேறி, மேல்நிலைக்குப் போய்ச் சேர்ந்தவருக்கே சைக்கிள். ஓடையை நீந்தி அக்கரை ஏறியவனைக் கூப்பிட்டு, “இந்தா, பாலம்” என்பது போல இருக்கிறது.

“பஸ் பாஸ்தான் இருக்கிறதே” என்பார் அதிகாரி. பாஸ் இருக்கிறது, பஸ் எங்கே? சேடப்பட்டி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பஸ் வந்தால் பெரிது என்னும் ஊர்கள் உண்டு. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வருவதற்குள் அது போய்விடும். பிறகு இருட்டில் சீமைக் கருவேலங்காட்டு வழியே நடை. ஐப்பசி மழையில் கரிசல் மண் காலைக் கவ்விப் பிடிக்கும். வயசுக்கு வந்த மகளை எந்தத் தாய் மனசு நிம்மதியோடு அனுப்புவாள்? “போதும் தாயி, நின்னுக்க” என்கிறாள்.

பிள்ளை நின்ற சேதி ஆசிரியருக்கு எட்டுவதற்கு முன்னே நூற்பாலை ஏஜெண்டுக்கு எட்டிவிடுகிறது. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம். சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்தார்கள். பெயர் மாறினாலும் ஆள் பிடிப்பு மாறவில்லை. மலிவான பெண் குழந்தைகளை வைத்து நூல் நூற்றால், மில்லில் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளம் என்ன ஆகும் என்பதை மில் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கிராமத்துப் பெண்ணின் சைக்கிள் பிரச்னை மில் கேட்டுக்குள்ளும் வருகிறது.

ஒன்பதாம் வகுப்பிலேயே சைக்கிள் கொடுத்தால் என்ன நடக்கும்? சோதித்துப் பார்த்த இடம் இருக்கிறது. ஏழ்மைக்குப் பேர்போன பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியதைக் கண்டார்கள். பள்ளிக்கூடம் தூரமாக உள்ள ஊர்களில்தான் பலன் அதிகம்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதை. ஜாம்பியாவின் செம்பை வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல காலம் வெட்டிக்கொண்டு போயின. 1964-ல் அந்நாடு சுதந்திரம் பெற்றது. அங்கே மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நடந்து வந்த கிராமத்துச் சிறுமிகளுக்கு ஒரு தொண்டு ஸ்தாபனம் சைக்கிள் கொடுத்தது. வழிப்பயண நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பள்ளிக்கு வராமல் நின்ற நாட்களும் கால் பங்குக்கு மேல் குறைந்தன. நல்ல காரியம்தான். ஆனால் தொண்டு செய்கிறவர் நாளை கையை விரித்தால் யாரைக் கேட்பது? சர்க்கார் கொடுத்தால், கொடுக்காத அன்று மறித்துக் கேட்கலாம்.

2025-26-ல் இங்கே நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். ஐயாயிரம் ரூபாய்ச் சைக்கிள் என்றால் உண்ணாமல் உடுக்காமல் பதினைந்து நாள் கூலி. நம் வீடுகளில் அந்தப் பதினைந்து நாள் எப்போது மிஞ்சியது?

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குச் சைக்கிள்” என்று டீக்கடையில் பேசும் தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1991-92-ல் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் ஆயிரமாயிரமாய்ச் சைக்கிள் பழகினார்கள். கேலி பேசியவர்கள் ஓய்ந்தார்கள். பெண்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஆகவே கோரிக்கை இதுதான்: ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சைக்கிள் வேண்டும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே வேண்டும். பாதிப் படிப்பு முடிந்த பிறகு கைக்கு வந்த வருஷங்களை நாம் பார்த்திருக்கிறோம். இலவச உடுப்பைப் பத்து வரை நீட்ட வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், உயர்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர், பஸ் எத்தனை தடவை வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். திங்கட்கிழமை மனு நாளில் அந்த நோட்டுகளோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். பெற்றோர்கள் வந்தால் போதும். பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம். அன்று அவர்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டு.