110 மீட்டர் சிக்ஸரும் நம்மூர் வாக் ஓவரும்

முதல்லயே சொல்லிடறேன். நான் சென்னை ரசிகன், 2008-லேர்ந்து. மஞ்சள் சட்டை ரெண்டு இருக்கு. ஒண்ணு சாயம் போய் வெள்ளை மாதிரி ஆயிருச்சு, ஆனா ராசின்னு அதைத்தான் போடுவேன். அதனால "பெங்களூர்காரன்கிட்ட எவ்ளோ வாங்கினே"ன்னு யாரும் ஆரம்பிக்க வேணாம். வாங்கினா கண்டிப்பா சொல்றேன் :-)

விஷயம் 2024 மே 18 பத்தி. சின்னசாமி ஸ்டேடியம், சென்னைக்கும் பெங்களூருக்கும் கடைசி லீக் ஆட்டம். ஜெயிக்காட்டியும் பரவாயில்லை, 201 எடுத்தா நாம பிளேஆஃப். அதுக்குக் கீழே நம்மைச் சுருட்டினா அவங்க பிளேஆஃப். நாம 191-ல நின்னோம். இத்தனை நாள் கழிச்சும் கள்ளக்குறிச்சியில எந்த டீக்கடையில உக்காந்து இந்தப் பேச்சை எடுத்தாலும் ஒரே பதில்தான்: "தலைவன் அடிச்ச சிக்ஸ் கிரவுண்டை விட்டே வெளிய போயிருச்சு, வேற பந்து குடுத்தாங்க, அதான் தோத்தோம். இல்லாட்டி அவனுங்களாவது, ஜெயிக்கறதாவது!"

ஏன்யா, இதைச் சொல்ல வாய் கூசலையா?

கடைசி ஓவரைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்குவோம். பிளேஆஃப் போக 17 ரன் வேணும். பந்து யாஷ் தயாள் கையில. முதல் பந்து ஃபுல் டாஸ், தோனி தூக்கினது 110 மீட்டர், பந்து ஸ்டேடியத்துக்கு வெளியே. அப்போ நிலைமை என்ன? 5 பந்துல 11. கிரீஸ்ல தோனி, எதிர்முனையில ஜடேஜா. 11 ரன்னுக்கு இதைவிட நல்ல ஜோடி உலகத்துல யார்கிட்ட இருந்துச்சு? அடுத்த பந்து மெதுவா வந்துச்சு, தோனி கேட்ச். ஷர்துல் வந்தாரு, ஒரு பந்து சும்மா போச்சு, அடுத்ததுல ஒரு ரன். கடைசி ரெண்டு பந்து ஜடேஜாவுக்கு. ரெண்டும் மெதுவான பந்து, ரெண்டும் மட்டையில படலை. மொத்தம் 7 ரன்.

பந்து ஈரமில்லாம இருந்ததால பிடிக்க வசதியா இருந்துச்சுன்னு நம்ம தமிழ்நாட்டு தினேஷ் கார்த்திக்கே ஆட்டம் முடிஞ்சு அவங்க டிரெஸ்ஸிங் ரூமுல தமாஷா சொன்னாரு. உண்மைதான். அவரு ஜெயிச்ச சந்தோஷத்துல சொன்னதை நாம தோத்த சாக்கா ஆக்கிக்கிட்டோம். பந்து தொலைஞ்சா புத்தம் புது பந்து குடுக்கறதில்லை. ஏறக்குறைய அதே அளவு தேஞ்ச பழைய பந்தைத்தான் அம்பயர் பெட்டியிலேர்ந்து எடுத்துக் குடுப்பாரு. காஞ்ச பந்து கையில இருந்தா மட்டும் மெதுவான பந்தை அந்த இடத்துல போட்டுற முடியுமா? இதே தயாளைத்தான் 2023 ஏப்ரல் 9-ஆம் தேதி அகமதாபாத்துல ரிங்கு சிங் கடைசி ஓவர்ல தொடர்ந்து அஞ்சு சிக்ஸ் அடிச்சு ஊரே சிரிக்க வெச்சாரு. அதே மாதிரி ஒரு கடைசி ஓவரை மறுபடி அந்த ஆள்கிட்ட குடுக்க டு பிளெசிக்கு தைரியம் இருந்துச்சு. முதல் பந்துலயே அடி வாங்கிட்டு மீதி அஞ்சையும் புத்தியா போட அவருக்கும் நெஞ்சு இருந்துச்சு. இதையெல்லாம் விட்டுட்டு பந்து, ஈரம், காத்து...

சரி, அவங்க எப்படி அந்த ஆட்டத்துக்கு வந்து சேந்தாங்க? முதல் 8 ஆட்டத்துல ஒரே ஒரு வெற்றி. ஏப்ரல் 15-ல ஹைதராபாத் அவங்க மேல 287 அடிச்சுது. ஏப்ரல் 21-ல கொல்கத்தாகிட்ட ஒரு ரன்னுல தோல்வி. அன்னிக்கு கடைசி ஓவர்ல கரண் சர்மா ஸ்டார்க்கை மூணு சிக்ஸ் அடிச்சும் பத்தலை. அட்டவணையில கடைசி இடம். அப்போ நாம என்னல்லாம் பேசினோம்! "ஈ சாலா"ன்னு எத்தனை கிண்டல்! நானும் சிரிச்சேன், சிரிப்பு வந்தா சிரிக்க வேண்டியதுதானே.

அப்புறம் ஏப்ரல் 25 ஹைதராபாத். 28 குஜராத், வில் ஜாக்ஸ் 41 பந்துல 100. மே 4 மறுபடி குஜராத். மே 9 தரம்சாலாவுல பஞ்சாப். மே 12 டெல்லி. அஞ்சும் வெற்றி. இந்த அஞ்சுல எதுல தோத்திருந்தாலும் மே 18-க்கு அர்த்தமே இல்லை. அதாவது ஏப்ரல் கடைசியிலேர்ந்து ஒவ்வொரு ஆட்டமும் அவங்களுக்கு கடைசி ஆட்டம்தான். ஆறாவதுக்கு நாம சிக்கினோம்.

நாம என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்? ஏப்ரல் 23, சேப்பாக்கம். ருதுராஜ் 108, நாம 210. ஸ்டோய்னிஸ் 124 அடிச்சு, கடைசி ஓவர்ல வேண்டிய 17-ஐ மூணு பந்துல முடிச்சுட்டு லக்னோவுக்குப் போயிட்டாரு. மே 1, அதே சேப்பாக்கம், பஞ்சாப் 13 பந்து மீதி வெச்சு அடிச்சுது. மே 10 அகமதாபாத், நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சனும் கில்லும் ஆளுக்கொரு சதம், 35 ரன் தோல்வி. முஸ்தஃபிசுர் நாட்டுக்குக் கிளம்பிட்டாரு, பதிரனாவுக்கும் தீபக் சாஹருக்கும் காயம், அதெல்லாம் வாஸ்தவம். ஆனா சொந்த மைதானத்துல ரெண்டு ஆட்டம் விட்டதுக்கு எந்தப் பந்து தொலைஞ்சு போச்சு சாமி? மே 18-லயும் டாஸ் ஜெயிச்சு அவங்களை முதல்ல ஆடவிட்டது நாமதான். 218 அடிக்கவிட்டதும் நாமதான்.

ரன் ரேட்டுன்னா இன்னும் பல பேருக்கு லாட்டரி மாதிரி நினைப்பு. அப்படி இல்லைங்க. சீசன் முழுக்க நாம ஓவருக்கு எவ்ளோ அடிச்சோம், நம்ம மேல ஓவருக்கு எவ்ளோ அடிச்சாங்க, ரெண்டுக்கும் வித்தியாசம், அவ்ளோதான். ஒவ்வொரு ஆட்டத்துல விட்ட ரன்னும் அதுல உக்காந்திருக்கும். மே 18 காலையில நமக்கு +0.528, அவங்களுக்கு +0.387. ராத்திரி நமக்கு +0.392, அவங்களுக்கு +0.459. ரெண்டு பேருக்கும் 14 புள்ளி, ஏழு வெற்றி, ஏழு தோல்வி.

இங்கதான் நம்ம ஆளுங்க அடுத்த அஸ்திரத்தை எடுப்பாங்க. "ஏழு தோத்தவனுக்கு என்னய்யா பிளேஆஃப்?"

நிற்க. 2010-க்குப் போவோம்.

அந்த வருஷம் சென்னை முதல் 7 ஆட்டத்துல 5 தோல்வி. பஞ்சாபோட சேப்பாக்கத்துல 137 அடிக்க முடியாம டை ஆகி, சூப்பர் ஓவர்ல தோத்த கூத்தெல்லாம் அதுலதான் வரும். தோனி காயத்தால சில ஆட்டம் ஆடலை. ஊர்ல எல்லாரும் "முடிஞ்சுது கதை"ன்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் முரளி விஜய் ராஜஸ்தானை 127 வெளுத்தது. ஏறி இறங்கி கடைசி லீக் ஆட்டத்துக்கு வந்து நின்னோம். ஏப்ரல் 18, தரம்சாலா. பஞ்சாப் 192, ஷான் மார்ஷ் 88. தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். பத்ரிநாத் அரைசதம் போட்டுக் குடுத்தாரு (இந்த மனுஷனை யாரும் பேசறதே இல்லை, அது தனிக் கோபம், இன்னொரு நாள் எழுதறேன்). கடைசி ஓவர் 16 ரன், இர்ஃபான் பதான். தோனி 4, 2, 6, 6. ரெண்டு பந்து மீதி. 29 பந்துல 54. முடிச்சதும் தன் ஹெல்மெட்டை தானே ஓங்கிக் குத்திக்கிட்டாரே, அந்தக் காட்சியை நாம இன்னும் எத்தனை தரம் போட்டுப் பாக்கறோம்?

அந்த லீக் முடிவுல சென்னைக்கு எத்தனை புள்ளி தெரியுமா? 14. ஏழு வெற்றி, ஏழு தோல்வி. சென்னை, பெங்களூர், டெல்லி, கொல்கத்தா நாலு டீமும் 14. ரன் ரேட்டுலதான் நாமளும் பெங்களூரும் அரையிறுதிக்குப் போனோம் (அப்போ அரையிறுதிதான், பிளேஆஃப் முறை 2011-லதான் வந்துச்சு). அரையிறுதியில டெக்கானை 104-க்கு சுருட்டினோம், ஏப்ரல் 25-ல மும்பையை 22 ரன்ல அடிச்சோம், முதல் கோப்பை.

ஏழு தோத்தவனுக்கு அருகதை இல்லைன்னா அந்தக் கோப்பையை எங்க கொண்டுபோய் திருப்பிக் குடுக்கலாம்னு சொல்லுங்க. முகவரி வாங்கிட்டு வரேன்.

"லீக் மேட்ச் ஜெயிச்சதுக்கு கோப்பை வாங்கின மாதிரி ஆடினாங்களே, கைகுடுக்கக்கூட வரலையே"ன்னு ஒரு குறை. கைகுடுக்கத் தாமதம் பண்ணது சரியில்லைதான், ஒத்துக்கறேன். ஆனா தரம்சாலாவும் லீக் மேட்ச்தானே? நம்ம தலைவன் குத்தினா உணர்ச்சி, அவன் குதிச்சா திமிரா? கொண்டாட்டத்தால கோப்பை வராதுன்னு அம்பத்தி ராயுடு வரைக்கும் பேசினாங்க. மே 22-ல ராஜஸ்தான்கிட்ட பெங்களூர் தோத்ததும் இங்க வெடி போட்டவங்களை எனக்குத் தெரியும். நாமளே உள்ள போகலை, இதுல வெடி வேற. அதே பெங்களூர் 2025 ஜூன் 3-ல பஞ்சாபை 6 ரன்ல அடிச்சு கோப்பையை வாங்கிருச்சு. அந்த வருஷம் நாம முதல் தடவையா பத்தாவது இடம். அதாங்க, கடைசி.

இது நம்ம ஊர் கிரிக்கெட்ல மட்டும் நடக்கற அதிசயமும் இல்லை. அமெரிக்காவுல 2011 பேஸ்பால் சீசன்ல செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஆகஸ்ட் கடைசியில பத்தரை ஆட்டம் பின்தங்கிக் கிடந்தாங்க. லீக் கடைசி நாள் அன்னிக்குத்தான் உள்ள நுழைஞ்சாங்க. அந்த வருஷக் கோப்பை அவங்களுக்குத்தான்.

"விடுய்யா, ரசிகனுங்க டீக்கடையில பேசறதுக்குப் போய் இவ்ளோ பெரிய பஞ்சாயத்தா"ன்னு கேப்பீங்க. விட முடியலை. ஏன்னா இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நம்ம பசங்க ஆடப் பழகறாங்க. கச்சிராயபாளையம் பக்கம், சங்கராபுரம் பக்கம், சின்னசேலம் பக்கம்னு லீவு விட்டா டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்குதே, அங்க வந்து பாருங்க. முதல் ரெண்டு ஆட்டம் தோத்த டீம் மூணாவதுக்கு வராது. வாக் ஓவர்! கேட்டா, "எங்களுக்குத்தான் கணக்கு முடிஞ்சிருச்சேண்ணே." கமிட்டியும் நேரம் மிச்சம்னு எழுதி வெச்சுக்கும்.

ஒரு தடவை என் கண் முன்னாடியே நடந்துச்சு. ஊர் பேரு வேணாம். ஒரு பிரிவுல நாலு டீம், அதுல ஒண்ணு கல்வராயன் மலையிலேர்ந்து வந்த பசங்க. வெள்ளிமலைப் பக்கம். மலைப்பாதையில பஸ் புடிச்சு எறங்கி வரணும்னா விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கணும். ஒரு ஆட்டம் ஜெயிச்சாங்க, ஒண்ணு தோத்தாங்க. மூணாவது ஆட்டத்துல பெரிசா அடிச்சாத்தான் ரன் ரேட் ஏறும். மட்டையைத் தொடச்சு, காலுக்கு டேப்பு சுத்தி, வெயில்ல ஒரு மணி நேரம் நின்னானுங்க. எதிர் டீம் வரவே இல்லை. ரெண்டும் தோத்துட்டமே, இனிமே என்ன இருக்குன்னு சினிமாவுக்குப் போயிட்டாங்களாம். மலைப் பசங்களுக்கு ரெண்டு புள்ளி எழுதினாங்க. ஆனா வாக் ஓவருக்கு ரன் ஏது, ரன் ரேட் ஏது? மூணு டீம் 4 புள்ளியில நின்னுச்சு. மத்த ரெண்டும் அந்த சினிமா டீமைப் போட்டு அடி அடின்னு அடிச்சு ரேட்டை ஏத்தி வெச்சிருந்தாங்க. இவங்களுக்கு அடிக்க ஆளே இல்லை. வெளிய போயிட்டாங்க.

கேக்கப் போனவங்களுக்கு என்ன பதில் தெரியுமா? "அதான் ஜெயிச்சதா எழுதிட்டமே தம்பி, இன்னும் என்ன?" பக்கத்துல நின்ன பெரிய மனுஷன் ஒருத்தரு, "மலைக்காரப் பசங்கதானே, அரையிறுதிக்கு மறுபடி ஒரு நாள் எறங்கி வரணுமே, அவனுங்களுக்கும் அலைச்சல் மிச்சம்"ன்னு சிரிச்சாரு. எனக்கு வந்த கோவத்துக்கு... வேணாம், எழுதினா நாகரிகமா இருக்காது.

தோத்தவன் வந்து நின்னு ஆடணும். அவனுக்காக மட்டும் இல்லை, எதிர்ல நிக்கறவனுக்காகவும்தான். 8-ல ஒண்ணு ஜெயிச்ச பெங்களூர் "கணக்கு முடிஞ்சுது"ன்னு ஏனோதானோன்னு ஆடியிருந்தா, அவங்களோட ஆடின அத்தனை டீமோட ரன் ரேட்டும் கோணலாப் போயிருக்கும். அட்டவணைன்னு ஒண்ணுக்கு மதிப்பு இருக்கறதே கடைசி இடத்துக்காரனும் முழுசா ஆடறதாலதான். அவனைப் பாத்து "குருட்டு அதிர்ஷ்டம்"ங்கறீங்க. அப்புறம் உங்க வீட்டுப் பையன் ரெண்டு ஆட்டம் தோத்துட்டு சினிமாவுக்குப் போனா எந்த வாயால கண்டிப்பீங்க?

கமிட்டி வெக்கற அண்ணன்மார்களே, பொங்கல் டோர்னமென்ட்டுக்கு நோட்டீஸ் அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு காரியம் பண்ணுங்க. நுழைவுக் கட்டணத்தோட டெபாசிட்டும் வாங்குங்க, மூணு ஆட்டமும் ஆடினாத்தான் திருப்பித் தரணும். ஒரு டீம் வாக் ஓவர் குடுத்தா, அந்த டீம் ஆடின மத்த ஆட்டங்களோட ரன்னையும் ரன் ரேட் கணக்குலேர்ந்து எடுத்துடுங்க, எல்லாருக்கும் ஒரே கணக்கா இருக்கட்டும். அப்புறம் மலை டீமுக்கு முதல் ஆட்டத்தைக் காலை ஏழு மணிக்குப் போடாதீங்க. அந்த நேரத்துக்கு பஸ்ஸே கீழ வந்து சேராது.

பி.கு.: "2010 வேற, 2024 வேற"ன்னு சொல்ல வர்றவங்க, என்ன வேறன்னு ரன் ரேட்டோட வாங்க. நான் ரெண்டு வருஷ அட்டவணையும் எடுத்து வெச்சிருக்கேன்.