'மறுகா' என்ற சொல்லுக்காக



போன மாதம் குருமண்வெளித் துறையிலிருந்து பாதை எனும் மிதவைப் படகில் மண்டூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாலைந்து மோட்டார் சைக்கிள்கள், நெல் மூட்டைகள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். ஒருவர் கைப்பேசியில் எப்.எம். வானொலியைச் சத்தமாக வைத்திருந்தார். நமது மட்டக்களப்புப் பக்கத்துப் பெண்ணொருத்தி நேயராக வந்தாள். "அம்மாக்கு ஒரு பாட்டுப் போடுங்க, நான் மறுகா எடுக்கிறன்" என்றாள். 'மறுகா' என்றால் நம் பக்கத்தில் 'பிறகு'. அறிவிப்பாளர் அந்த 'மறுகா'வைப் பிடித்துக்கொண்டார். இழுத்து இழுத்துச் சொன்னார், சிரிப்பொலி போட்டார், "இது எந்த நாட்டுத் தமிழ்?" என்று கேட்டார். இணைப்பு அறுந்தது. பாட்டும் வரவில்லை. பாதையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கைப்பேசிக்காரர் தலையைக் குனிந்தபடி அதை அணைத்தார்.

ஒரு கிழமைக்குள் அந்தப் பெண்ணின் அண்ணனிடமிருந்து இதழாசிரியரான எனக்குக் கடிதம் வந்தது. "இவனைப் பிடித்து உள்ளே போட ஒரு சட்டமும் இல்லையா?" என்று கேட்டிருந்தார். அவருடைய கோபம் என்னுடையதும்தான். 'மறுகா' நம் தாய்மார் சோறு போட்டபடி சொன்ன சொல். அதைக் கேலி செய்கிறவர் அவர்களையே கேலி செய்கிறார்.

ஆனாலும் தம்பி, உள்ளே போடுவது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். சட்டம் இருக்கிறது. இலங்கையின் 2007ஆம் ஆண்டு ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் மூன்றாம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு வழிகாட்டுவோருக்காக எழுதப்பட்டது. அதே சட்டத்தில்தான் 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகக் கைதாகி, நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். வானொலிகளைத் தண்டித்த கதையும் உண்டு. 2007 ஒக்டோபரில் நாட்டின் தென்பகுதியில் தாக்குதல் நடந்ததாக ஒரு தவறான செய்தி ஒலிபரப்பானது. அதற்காக ஒரே நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் உரிமத்தை அரசு பறித்தது. நம் வீடுகளில் ஒலித்த சூரியன் எப்.எம்.மும் அதோடு வாயடைத்துப் போனது. அந்த மௌனத் தண்டனை, வானொலி கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது.

இதைவிடக் கொடிய தண்டனையும் இந்த நாட்டில் உண்டு. 2005 ஓகஸ்ட் 12இல் வானொலி அறிவிப்பாளர் றேலங்கி செல்வராஜா கணவரோடு கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு மே 31இல், நம் மட்டக்களப்பு நகரிலேயே ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். பேசியதும் எழுதியதும் பிடிக்காதபோது துப்பாக்கி தீர்ப்பெழுதிய ஊர்களில் வாழ்கிறோம். அதனால்தான் 'தண்டனை' என்ற சொல்லை எழுதும்போது என் பேனா தயங்குகிறது.

தயங்காத இடமும் ஒன்றுண்டு. 1994இல் ருவண்டாவில் ஆர்.டி.எல்.எம். வானொலி, துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றழைத்துக் கொலைக்குத் தூண்டியது. அதன் அறிவிப்பாளர்களில் ஒருவரான பெல்ஜியக்காரர் ஜோர்ஜ் ருஜுவுக்கு 2000இல் ருவண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 12 ஆண்டுச் சிறை விதித்தது. அது நியாயம். நம் மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாட்களில், தமிழர் வாழும் கல்லடிக்கும் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்கும் நடுவே எவராவது ஒலிவாங்கியில் அப்படிப் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். அப்படிப் பேசுகிறவருக்குச் சிறையே சரி.

நம் பெண்ணுக்கு நடந்தது அதுவல்ல. அதற்குக் கிட்டிய கதை மலேசியாவில் நடந்தது. 2025 மார்ச்சில் மலாய் வானொலியான ஏரா எப்.எம். அறிவிப்பாளர்கள் "வேல், வேல்" என்று கத்திக் காவடியாட்டத்தைக் கேலி செய்த காணொளி பரவியது. பார்த்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது. மண்டூர்க் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்யும் அதே முருகன் அல்லவா! அறிவிப்பாளர்கள் இடைநிறுத்தப்பட்டார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். தொடர்பாடல் ஆணையம் நிலையத்தின் நிறுவனத்துக்கு 2,50,000 ரிங்கிட் அபராதம் போட்டது. நிலையமும் பொறுப்பேற்க வேண்டியிருந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிரிப்பொலியை வாங்கி வைத்திருப்பது நிலையம், விளம்பரக் காசு எடுப்பதும் நிலையம். அறிவிப்பாளரை மட்டும் வெளியே தள்ளிக் கைகழுவ நாம் விடக்கூடாது. எந்த நேரத்தில், எந்த நிகழ்ச்சியில் அவமதித்தார்களோ, அதே நேரத்தில், அதே நிகழ்ச்சியில், சிரிப்பொலி இல்லாமல் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆசிரியர் என்ற முறையில் இப்படித்தான் அந்த நிலையத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இந்தப் பக்கத்திலேயே அச்சிடுவேன்.

கடிதம் எழுதிய தம்பியின் வீட்டுக்கும் போனேன். அந்தப் பெண் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அந்த அறிவிப்பாளருக்கு என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறாய் மகள் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றாள்.

"ஒண்டும் செய்ய வேணாம். அம்மா கேட்ட பாட்டை ஒருக்காப் போடச் சொல்லுங்க."