கேரேஜ் இன்வர்ட்ஸ், கேரேஜ் அவுட்வர்ட்ஸ்... அப்புறம்?

பி.காம் முதல் வருஷத்தில் போக்குவரத்து என்றால் இரண்டே வரி. சரக்கு உள்ளே வந்த வண்டிக்கூலி கேரேஜ் இன்வர்ட்ஸ், டிரேடிங் அக்கவுன்ட்டில் பற்று. வெளியே போன கூலி கேரேஜ் அவுட்வர்ட்ஸ், லாப நட்டக் கணக்கில் பற்று. இடம் மாற்றி எழுதினால் மார்க் போச்சு. அந்தக் கூலி ஏன் அவ்வளவு, கடைசியில் யார் தலையில் விடிகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கிற படிப்புதான் போக்குவரத்துப் பொருளியல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துக் கல்லூரிகளில் வணிகவியல் மாணவர்களுக்கு இதைத் தனித் தாளாகவே வைக்க வேண்டும்.

வேறெங்கும் இல்லாவிட்டாலும் இங்கே வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ல் ராயபுரத்தில் கிளம்பி வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு, ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில். பாலாற்றுத் தண்ணீரும் ஆவாரம்பட்டையும் இருந்தால் மட்டும் போதுமா? பதனிட்ட தோல் மெட்ராஸ் துறைமுகம் போய்ச் சேர வழி வேண்டாமா?

1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு இந்தப் பக்கம் ஷூவுக்கும் அப்பருக்கும் மாறியது. அதோடு போக்குவரத்தின் அர்த்தமும் மாறிவிட்டது. தோல் மூலப்பொருள், கொஞ்சம் தாமதமானாலும் விலை போகும். ஷூவுக்கு சீசன் உண்டு. தாமதமானால் வாங்குபவர் தள்ளுபடி கேட்பார், இல்லையென்றால் "உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புங்கள்" என்பார். விமானத்தில் ஷூவின் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். வழக்கமான கணக்கில் 6,000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோ. பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் சேர்த்துக் கூலி!

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பா போகும் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. "நாம் விற்பது எஃப்.ஓ.பி. விலைக்குத்தானே, கப்பல் கூலி வாங்குபவர் பாடு" என்று பாடப்புத்தகம் படித்தவர் சொல்லலாம். காகிதத்தில் அது சரி. ஆனால் வாங்குபவர் கணக்குப் போடுவது தன் கடை வாசலில் என்ன விலை ஆகிறது என்றுதான். வியட்நாமும் நம்மைப் போலச் சுற்றித்தான் போக வேண்டும், போர்ச்சுகல் ஷூவுக்கு அந்தச் சுற்றே இல்லை. கூலியைக் கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர். பில்லைப் பார்த்தால் இது தெரியாது.

(மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009ல் அடிக்கல், 2012ல் நிறுத்தம், 2022ல் மறுபடி அடிக்கல். லாரி காத்துக் கிடந்த வருஷங்கள் எந்தப் பேரேட்டில் ஏறும்?)

சரக்கை விடுங்கள், ஆட்களைப் பாருங்கள். ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். கிராமத்து வாசலுக்கே கம்பெனி பஸ் வருகிறது, வசதிதான். ஆனால் அந்த பஸ் ஒரே ஒரு கேட்டுக்குத்தான் போகும். பக்கத்துக் கம்பெனியில் நூறு ரூபாய் அதிகம் என்றாலும் அங்கே எப்படிப் போய்ச் சேருவது? 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்றானது. பலரும் அதைச் சலுகையாக மட்டும் பார்த்தார்கள். ஷிஃப்ட் நேரத்துக்கு அந்த பஸ் வருமானால் அது கூலிபேசும் பலமும்கூட. வராவிட்டால் வெறும் இலவச டிக்கெட். மக்கள் பஸ்ஸா காரா ரயிலா என்று எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த டேனியல் மெக்ஃபேடனுக்கு 2000ல் பொருளியல் நோபலே கிடைத்தது. மாதனூர் பஸ் நிறுத்தத்திலும் அதே கேள்விதான் தினமும் நிற்கிறது.

படிக்க இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. வடோதராவில் 2018ல் ரயில், போக்குவரத்துப் படிப்புக்கென்று தொடங்கிய நிறுவனம், 2022ல் கதி சக்தி விஸ்வவித்யாலயா என்ற மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர் போனது. ஆனால் அவ்வளவு தூரம் போய்த்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு வழக்கம்போல "இருசக்கர வாகன வாடிக்கையாளர் திருப்தி" என்று ஐம்பது கேள்வித்தாள் நிரப்புவதற்குப் பதிலாக, ஆம்பூரில் ஒரு கன்டெய்னர் எத்தனை மணிக்குக் கிளம்பியது, துறைமுக கேட்டுக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தது என்று ஒரு மாதம் குறித்துப் பார்க்கலாம். ஷிப்பிங் செக்‌ஷனில் கேட்டால் தேதியும் நேரமும் கிடைக்கும்.