சம்மட்டியும் பட்டடையும்

பெற்ற பிள்ளையைத் தூக்கில் போடுவேன் என்று எதிரி மிரட்டினால் எந்தத் தகப்பனும் இறங்கி வருவான். 1152இல் இங்கிலாந்தில் ஒரு தகப்பன் இறங்கி வரவில்லை.

அரியணைக்காக ஸ்டீபன் மன்னருக்கும், முந்தைய மன்னரின் மகள் மட்டில்டாவுக்கும் சண்டை நடந்த காலம். மட்டில்டா பக்கம் நின்ற ஜான் என்ற பிரபுவின் நியூபரி கோட்டையை ஸ்டீபன் முற்றுகையிட்டார். ஜான் அவகாசம் கேட்டார். ஈடாகத் தன் சின்னஞ்சிறு மகன் வில்லியமைப் பணயமாகக் கொடுத்தார். கிடைத்த அவகாசத்தில் கோட்டைக்குள் ஆட்களையும் உணவையும் நிரப்பிக்கொண்டார். ஏமாந்த மன்னர், பையனைத் தூக்கிலிடுவேன் என்றார். இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்தெடுக்கச் சம்மட்டியும் பட்டடையும் தன்னிடம் இருப்பதாகப் பதில் அனுப்பினார் ஜான்.

மன்னருக்குத்தான் மனம் வரவில்லை. பையன் அவர் கூடாரத்தில் செடித் தண்டுகளைப் போர்வீரர்களாக்கி, அவரோடேயே விளையாடிக்கொண்டிருந்தானாம்.

இந்தக் கதை நம் கைக்கு வந்ததே ஒரு கதை. வில்லியம் இறந்த பிறகு அவருடைய மூத்த மகன், தந்தையின் வரலாற்றைப் பிரெஞ்சு மொழியில் பாட்டாக எழுதவைத்தார். பத்தொன்பதாயிரத்துக்கும் அதிகமான வரிகள். மிஞ்சியது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1861இல் லண்டன் ஏலம் ஒன்றில் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைப் பார்த்தார். வேறொருவர் அதிக விலைக்கு எடுத்துப்போய்விட்டார். அதை மறுபடி கண்ணால் காண மேயருக்கு இருபது ஆண்டு பிடித்தது.

மன்னரின் குதிரை லாயத்தைக் கவனிக்கும் பதவிக்கு மார்ஷல் என்று பெயர். அது பரம்பரைப் பதவியாகி, குடும்பப் பெயருமானது. வில்லியம் நான்காவது மகன். சொத்தெல்லாம் மூத்தவனுக்கே என்ற அந்தச் சமூகத்தில் நான்காவது மகனுக்குக் கிடைப்பது வாளும் வாழ்த்தும்தான். அவர் பிழைத்தது போட்டிச் சண்டைகளில். தோற்ற வீரன் தன் குதிரையையும் கவசத்தையும் இழப்பான். மீட்புப் பணமும் கட்டவேண்டும். ஐந்நூறு வீரர்களைப் பிடித்ததாக வில்லியம் மரணப் படுக்கையில் கணக்குச் சொன்னாராம்.

ஆனால் அவரைப் பெரிய மனிதராக்கியது வாள் அல்ல, கல்யாணம். 1189இல் அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. மணப்பெண் இசபெல்லுக்கு இருபதுகூட ஆகவில்லை. தந்தையை இழந்த பெரும் சொத்துக்காரி. அயர்லாந்தின் லெயின்ஸ்டர் மன்னருடைய பேத்தி. அப்படிப்பட்ட பெண்ணை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பது மன்னரின் உரிமை. விசுவாசத்துக்குத் தரும் பரிசு. அவளோடு லெயின்ஸ்டரும் வேல்ஸ் எல்லைக் கோட்டைகளும் வந்தன. ஐந்து ஆண், ஐந்து பெண் என்று பத்துப் பிள்ளைகள்.

பிறகு வந்த ஜான் மன்னர் யாரையும் நம்பாதவர். வில்லியமின் மூத்த இரண்டு மகன்களையும் பணயமாகக் கேட்டார். தானே பணயப் பிள்ளையாக நின்றவர், கொடுத்தார். கொடுத்தும் விசுவாசம் மாறவில்லை. 1216இல் ஜான் இறந்தபோது பாதி நாடு பிரெஞ்சு இளவரசன் கையில். வாரிசுக்கு வயது ஒன்பது. எழுபதை எட்டிய வில்லியம் பாலகனுக்காக ஆட்சிப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு லிங்கன் நகரில் தானே படை நடத்தி வென்றார். ஜான் ஒப்புக்கொண்டு உடனே கைவிட்ட மாக்னா கார்ட்டா சாசனத்தைத் திருத்தி இரண்டு முறை மீண்டும் வெளியிட்டார். அது பிழைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1219இல் காலமானார்.

ஐந்து மகன்கள் இருக்கும் வீட்டுக்கு வாரிசுக் கவலை எதற்கு? மூத்தவர் 1231இல் இறந்தார். அடுத்தவர் ரிச்சர்டு 1234இல் அயர்லாந்தில் சண்டைக் காயத்தால் மாண்டார். மூன்றாமவர் கில்பர்ட் 1241இல் போட்டிச் சண்டையில், அப்பாவுக்குச் சோறு போட்ட அதே விளையாட்டில், உயிரை விட்டார். 1245 முடிவதற்குள் மற்ற இருவரும் சில வார இடைவெளியில் போனார்கள். ஒருவருக்கும் சட்டபூர்வமான பிள்ளை இல்லை. நிலத்தைப் பறிகொடுத்த ஐரிஷ் பிஷப் ஒருவரின் சாபம் என்று ஊர் பேசியது.

மகன் இல்லாவிட்டால் மகள்களுக்குச் சம பங்கு என்பது அந்த நாட்டுச் சட்டம். லெயின்ஸ்டர் ஐந்தாகப் பிரிந்து பெண் வழிக்குப் போனது. மார்ஷல் என்ற பெயர் அந்தக் கிளையில் அழிந்தது, ரத்தம் அழியவில்லை. ஸ்காட்லாந்தின் விடுதலை வீரரான ராபர்ட் புரூஸ் மன்னர், வில்லியமின் மகள் இசபெல்லின் கொள்ளுப் பேரன். இங்கிலாந்தின் நான்காம் எட்வர்டும் ஏவா என்ற இன்னொரு மகளின் வழியில் வந்தவரே.

லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் வில்லியமுடையது என்று சொல்லப்படும் கற்சிலை, 1941 குண்டுவீச்சில் சிதைந்தும் இன்னும் படுத்திருக்கிறது. பக்கத்தில் மகன்களின் சிலைகள். மகள்களுக்கு அங்கே சிலை இல்லை. பிள்ளை போனால் வேறு பிள்ளை என்ற தாத்தாவின் சம்மட்டிக் கணக்கில் பெண்கள் வரவே இல்லை. வம்சம் பிழைத்ததோ அவர்களால்தான்.