ஏரோப்ளேன் போல்ட்

என் நண்பர் ஒருவர் மூன்று வருஷமாக ஒரு மாரிஸ் மைனர் காரைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் என்னைப் பட்டறைக்கு அழைத்துப் போய், முன் சக்கரத்தடியில் குனியச் சொல்லி, "பார்த்தீரா ஓய்? அத்தனையும் ஏரோப்ளேன் போல்ட்!" என்றார். தங்க நிறத்தில் மின்னின. தலையில் பெருக்கல் குறி வேறு. நானும் சற்று மயங்கித்தான் போனேன்.

மயக்கம் தெளிந்தபின் சொல்கிறேன்: இந்த ஏரோப்ளேன் பக்தி எனக்குப் பிடிக்கவில்லை. 'ஏ.என்.' என்ற அந்த அமெரிக்க விமான போல்ட், சதுர அங்குலத்துக்கு 1,25,000 ராத்தல் இழுவையைத் தாங்கும். கார்களுக்குப் போடும் எட்டாம் தர போல்ட், தலையில் ஆறு கோடு உள்ளது, 1,50,000 தாங்கும். மூன்று கோடு போட்ட சாதாரண ஐந்தாம் தரமே 1,20,000. இந்த வித்தியாசத்துக்குத்தான் நண்பர் பணத்தைக் கொட்டியிருக்கிறார்!

விமான போல்ட் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதன் பெருமை மரையில்லாத வழவழப்பான தண்டில் இருக்கிறது. பாரம் அந்தத் தண்டின்மேல் விழவேண்டும், மரையின்மேல் அல்ல. ஆகவே மரையைக் குட்டையாக வெட்டியிருக்கிறார்கள். பூட்டவேண்டிய தகடுகளின் கனத்தை அளந்து, அதற்கேற்ற நீளம் வாங்கவேண்டும். தண்டு கொஞ்சம் நீண்டுவிட்டால், மரை முடிகிற இடத்தில் நட்டு முட்டிக்கொண்டு நின்றுவிடும். 'இறுகிவிட்டது' என்று ஸ்பானர் கைக்குப் பொய் சொல்லும். உள்ளே தகடுகள் ஆடிக்கொண்டிருக்கும். நண்பரின் காரில் நாலு போல்ட் அப்படி. வாஷரை விரலால் சுற்றிப் பார்த்தேன், ராட்டினம்போல் சுற்றியது! நட்டுக்கடியில் இன்னொரு வாஷர் போட்டிருந்தால் தீர்ந்தது. காலணாப் பெறாத சமாசாரம்.

நட்டுகள் இன்னும் மோசம். பழைய டப்பாவில் கிடந்தவையாம். 1956-ல் வந்த மாரிஸ் மைனர் 1000-க்குப் பெரும்பாலும் 'யு.என்.எஃப்.' மரை, விமான போல்ட்டுக்கும் அதுவே. 5/16 அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 24 மரை, 60 டிகிரிக் கோணம். பழைய பிரிட்டிஷ் 'பி.எஸ்.எஃப்.' நட்டில் 22 மரை, 55 டிகிரி. இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். அங்கேதான் நம் மேஸ்திரிகள் 'அட்ஜஸ்ட்' பண்ணுகிறார்கள். அதாவது ஸ்பானரில் குழாயைச் சொருகி ஏறி மிதிக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற தேசம் இது!

புகைக்குழாய் அருகிலும் நைலான் வளையம் வைத்த நட்டு. அது 250 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் உதவாது. ஏரோப்ளேன்காரன் அங்கே அதைப் போடமாட்டான்.

அடுத்த மாதம் பேத்தியை முன்ஸீட்டில் உட்கார்த்திப் புதுச்சேரி போகப்போகிறாராம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாரிஸ் மைனரில் முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனே மரையில்தான் நிற்கிறது. கிரீஸ் வற்றி அந்த மரை தேய்ந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கி விழும். "அதற்குக் கிரீஸ் அடித்தீரா?" என்று கேட்டேன்.

"அடிக்கலாம். போல்ட்டின் கலர் கெட்டுவிடுமே என்று பார்க்கிறேன்" என்றார்.